அதுவாக விரிய வேண்டும்

ஹெதர்லீ சானடோரியம்,
யார்க்‌ஷயர்.
9 மார்ச் 1936

மதிப்பிற்குரிய மிஸ் குவெய்ல் அவர்களுக்கு,

உங்கள் அகராதிக்குச் சொல் பொறுக்கித் தர ஆள் தேவை என்று பத்திரிகையில் பார்த்தேன். நான் பொறுக்குகிறேன். எனக்கு வேறு வேலை இல்லை.

என் பெயர் கிளிஃபர்ட் சைக்ஸ். ஹடர்ஸ்ஃபீல்டில் ஆண்களுக்கான துணிக்கடை ஒன்றில் கால்சட்டைப் பிரிவில் நின்றவன். இப்போது இந்த மலைமேல், திறந்த வராந்தாவில், போர்வைக்குள் கிடக்கிறேன். இடப்பக்க நுரையீரலில் டி.பி. அதற்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று விலாவுக்குள் ஊசி விட்டுக் காற்றை அடைத்து, நுரையீரலை அமுக்கிச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். காற்று குறையக் குறைய மறுபடி அடைப்பார்கள். சைக்கிள் டயர் பிழைப்புதான். பேசக்கூடாத நேரம், அசையக்கூடாத நேரம் என்று நாள் முழுக்கப் பங்கு போட்டுவிட்டார்கள். படிக்கக்கூடாத நேரம் என்று மட்டும் எதுவும் இல்லை.

உங்கள் குறிப்பில் 'அரிதாகவும் விநோதமாகவும் படும் சொற்களைக் குறித்தனுப்பவும்' என்று இருந்தது. சொல்லையும் அது வரும் வாக்கியத்தையும் எழுதிய சீட்டுகள் ஒரு கட்டு இத்துடன் இருக்கிறது. ஒரு பாதிரியாரின் பழைய பிரசங்கத் தொகுப்பிலிருந்து எடுத்தவை. ஒன்றுக்குக்கூட எனக்கு அர்த்தம் தெரியாது. அதனால் நல்ல சரக்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கி. சைக்ஸ்


அகராதி அலுவலகம்,
லிச்ஃபீல்ட்.
20 மார்ச் 1936

மதிப்பிற்குரிய திரு. சைக்ஸ்,

சீட்டுகள் கிடைத்தன. கையெழுத்து தெளிவாக இருக்கிறது. இந்த வேலையில் அதற்கே பாதி மதிப்பெண்.

சொற்களைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விநோதமான சொற்கள் எங்களிடம் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. குற்றம் எங்களுடையது, அப்படித்தான் கேட்டோம். நாடு முழுவதும் நல்ல மனிதர்கள் விநோதத்தையே தேடிப் படித்தார்கள். தினமும் வாயில் புழங்கும் சொல்லை ஒருவரும் எழுதி அனுப்பவில்லை. கல்யாண வீட்டில் எல்லாரும் பாயசம் கொண்டு வந்து, சோறு கொண்டுவர ஆளில்லாத கதை.

இப்போது நான் 'எக்ஸ்பேண்ட்' என்ற வினையில் நிற்கிறேன். விரிதல், விரித்தல். என் மேசையில் அதற்குப் பெரிய கட்டு இருக்கிறது. கவிஞர்களின் ஆன்மா விரிகிறது. பூ விரிகிறது, சிறகு விரிகிறது. பாராளுமன்றத்தில் ஒருவர் ஒரு கருத்தை எடுத்து விரிக்கிறார், மற்றவர்கள் தூங்குகிறார்கள். ஆனால் கடந்த முப்பது வருடங்களில் சாதாரண மனிதர் சாதாரண உரைநடையில் இதை எப்படிச் சொல்கிறார் என்பதற்குச் சான்று ஏதுமில்லை. முக்கியமாக, யாரும் கை வைக்காமல் ஒரு பொருள் தானாகவே விரியும் இடம். அந்த அர்த்தத்துக்கு என் தாள் காலியாக இருக்கிறது.

பத்திரிகை, விளம்பரம், விதைப் பட்டியல் எதிலானாலும் சரி, தேடித் தருவீர்களா? ஒரே விதி: அச்சில் வந்திருக்க வேண்டும். தேதி, பக்கம், எழுதியவர் பெயர் வேண்டும். யாரோ பேசினார்கள் என்பது சான்றாகாது.

நன்றியுடன்,
ஹெஸ்டர் குவெய்ல்


ஹெதர்லீ,
26 ஏப்ரல் 1936

மதிப்பிற்குரிய மிஸ் குவெய்ல்,

வலை போட்டேன், மீன் விழுந்தது. ஒரு ரயில்வே அறிக்கையில் வெயிலில் தண்டவாளம் விரிகிறது. ஒரு கடைக்காரர் விளம்பரத்தில் விரியும் பயணப்பெட்டி, விரியும் கைக்கடிகாரப் பட்டை. அப்புறம் எங்கள் ஊர்ப் பத்திரிகையில் ஒரு மில் முதலாளி தன் தொழிலை விரிக்கப் போவதாகச் சொல்கிறார். அதே பக்கத்தின் கீழே, அதே மில்லில் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்ற செய்தி. இரண்டையும் ஒரே சீட்டில் எழுதி அனுப்பியிருக்கிறேன், கத்தரித்துவிடாதீர்கள்.

என் தொழிலில் இந்தச் சொல்லுக்கு வேலை இல்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். கடைக்கு வரும் கனவானின் இடுப்பு ஒருபோதும் விரியாது. கால்சட்டைதான் சுருங்கியிருக்கும். 'துணி கொஞ்சம் இழுத்திருக்குது சார், ஓரத்த விட்டுத் தர்றோம்' என்போம். அவர் வாசலைத் தாண்டிய பிறகுதான் விரிந்தது எது என்று பேசுவோம்.

அடுத்த கட்டிலில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கு என் வேலை பிடிக்கவில்லை. "ஏம்ப்பா சைக்ஸு, இருக்கற இங்கிலீஷே இந்த நாட்டுக்கு அதிகம். இதுல நீ வேற பொறுக்கிப் பொறுக்கிச் சேக்குற" என்கிறார். அவர்தான் எங்கள் மாதப் பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் எழுதுகிறவர். நோயாளிகளே நடத்தும் பத்திரிகை. கீழே டவுனில் அச்சாகி வருகிறது. கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தி. ஒன்று வீட்டுக்குப் போனவர்கள், மற்றது நம்மை விட்டுப் போனவர்கள். எல்லாரும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறக்கிறோம். நான் இரண்டாவது பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு முதல் பத்தியைப் படிப்பேன்.

இப்போது சேதி. டாக்டர் ஹாலோவெல் கோடையில் என் காற்றை நிறுத்துகிறார். சுருட்டி வைத்த நுரையீரல் மறுபடி விரிய வேண்டும். விரிந்தால் வீடு. விரியாமல் ஒட்டிக்கொண்டால், விலா எலும்புகளை வெட்டி எடுத்து அந்தப் பக்கத்தையே மூடிவிடுவார்கள். "நீங்களே ஏதாவது பண்ணி விரிச்சு விடக்கூடாதா டாக்டர்" என்று கேட்டேன். "நாங்க அமுக்கலாம் சைக்ஸ். விரிக்க முடியாது. அதுவா விரியணும்" என்றார். உங்கள் காலித் தாள் ஞாபகம் வந்தது.

வீட்டில் என் மனைவி எட்னா, மகள் டோரீன். குழந்தைகளை இங்கே விடமாட்டார்கள். அவளை நான் பார்த்து இரண்டாவது வருடம் ஓடுகிறது. நான் இங்கே வருவதற்கு முன்பு அவளுக்கு ஒரு தோல் கால்பந்து வாங்கினேன். பெண்பிள்ளைக்கு எதற்கு என்று எட்னா திட்டினாள். உள்ளே இருக்கும் ரப்பர்ப் பையை வாயால் ஊத வேண்டும். அன்றைக்கே எனக்கு மூச்சு போதவில்லை. அப்பாதான் வந்து ஊத வேண்டும் என்று சொல்லி, டோரீன் அதை வேறு யாரிடமும் கொடுக்க மறுக்கிறாளாம். பந்து தட்டையாகவே அலமாரியில் கிடக்கிறது.

ஒரு சந்தேகம். திருத்தச் சொல்லி நீங்கள் திருப்பி அனுப்பிய சீட்டின் ஓரமெல்லாம் பழுப்பாகக் கருகியிருந்தது. கேக் வாசனை வேறு. அகராதி வேலையில் அடுப்புக்கு என்ன பங்கு?

உண்மையுள்ள,
கி. சைக்ஸ்


லிச்ஃபீல்ட்,
5 மே 1936

மதிப்பிற்குரிய திரு. சைக்ஸ்,

நேராகக் கேட்டீர்கள், நேராகச் சொல்கிறேன். சானடோரியத்திலிருந்து வரும் எதையும் சூடு காட்டாமல் உள்ளே எடுக்கக்கூடாது என்பது எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர் டாக்டர் டிரான்டரின் உத்தரவு. அலுவலகத்தில் அடுப்பு இல்லை. அதனால் உங்கள் உறைகளை என் வீட்டுக்கு எடுத்துப்போய், தகரத் தட்டில் வைத்து, ரொட்டி அடுப்பில் வாட்டுகிறேன். அன்றைக்கு சீரகக் கேக்கும் உள்ளே இருந்தது, நேரத்தை மறந்துவிட்டேன். அவமதிப்பாக எண்ண வேண்டாம். இருந்தாலும், அவமதிப்பாகவே இருக்கும் என்று எனக்குத் தெரிகிறது.

மில் சீட்டைக் கத்தரிக்கவில்லை.

உங்கள் நுரையீரல் பற்றி எனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சொற்களோடு இத்தனை வருடம் இருந்தும் இந்த மாதிரி இடத்தில் கை நின்றுவிடுகிறது. நன்றாக விரியட்டும்.

ஹெ. குவெய்ல்


ஹெதர்லீ,
14 ஜூலை 1936

மிஸ் குவெய்ல்,

இத்தனை நாள் எழுதவில்லை. கோபம்தான்.

எட்னாவின் அம்மா நான் குடித்த கோப்பையைக் கொல்லையில் புதைத்தாள். என் கடைச் சிநேகிதர்கள் என் கடிதத்தை இடுக்கியால் பிடித்துப் படிக்கிறார்களாம். ஆனால் சீட்டு எழுதும்போது மட்டும் நான் நோயாளி இல்லை, வேலைக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்களும் அடுப்பில் வைத்தீர்கள்.

பட்டர்வொர்த்திடம் புலம்பினேன். "என் அண்ணன் என் லெட்டர பிரிக்காமலே நெருப்புல போடுறான். உன் அகராதி அம்மா வாட்டிட்டாவது படிக்குதே, உனக்கு என்னப்பா குறை" என்றார். யோசித்தேன். அதுவும் நியாயம்தான். இந்த மலைக்கு வந்தபின் என் எழுத்துக்காகக் காத்திருந்த ஆட்கள் இரண்டே பேர், எட்னாவும் நீங்களும். வாட்டிக்கொள்ளுங்கள். கேக்கை மட்டும் கவனியுங்கள்.

உள்ளே ஒரு சீட்டு இருக்கிறது. காற்றை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது. நேற்று எக்ஸ்ரே இருட்டறையில் டாக்டர் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கீழ்ப்பக்கம் விரிய ஆரம்பிச்சிருக்கு, சைக்ஸ்." தானாக விரிகிறது, சாதாரண மனிதர், சாதாரணப் பேச்சு. உங்கள் தாளில் காலியாக இருந்த இடம் இதுதானே? பேசியதை ஏற்கமாட்டீர்கள் என்றால் எங்கள் பத்திரிகையில் நானே எழுதி அச்சிட்டு அனுப்புகிறேன்.

கி. சைக்ஸ்


லிச்ஃபீல்ட்,
20 ஜூலை 1936

அன்புள்ள திரு. சைக்ஸ்,

சேதியைப் படித்ததும் எழுந்து ஜன்னல் வரை போய்விட்டு வந்தேன். மற்றவர்கள் என்ன என்று கேட்டார்கள். ஒருவருக்குக் கீழ்ப்பக்கம் விரிய ஆரம்பித்திருக்கிறது என்றேன். அலுவலகம் மொத்தமும் என்னை ஒரு மாதிரி பார்த்தது.

ஆனாலும் சீட்டை ஏற்க முடியாது. அது பேச்சு. நீங்களே அச்சிட்டு அனுப்புவது அதைவிட மோசம். அகராதிக்காக ஒருவர் செய்து தரும் வாக்கியம், பள்ளி ஆய்வாளர் வரும் நாளுக்காகத் தலை வாரிய குழந்தை மாதிரி. அது தினமும் எப்படி இருக்கும் என்று தெரியாது. சொல் அகராதியை நினைக்காமல் வர வேண்டும். மன்னியுங்கள். இந்த விதியை நான் விட்டால் என் கையில் வேறு ஒன்றுமில்லை.

சீட்டை எறியவில்லை. என் சொந்த இழுப்பறையில் இருக்கிறது. உங்கள் பத்திரிகைக்குச் சந்தாவும் கட்டிவிட்டேன். அதில் மற்றவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்கலாம் என்றுதான்.

ஹெஸ்டர் குவெய்ல்


ஹெதர்லீ,
2 செப்டம்பர் 1936

அன்புள்ள மிஸ் குவெய்ல்,

இதை நர்ஸுக்குத் தெரியாமல் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாதி விரிந்தது, அப்படியே நின்றுவிட்டது. காய்ச்சல். விலாவுக்குள் தண்ணீர் சேர்ந்திருக்கிறதாம். கையை அசைக்கக்கூடாது, எழுதக்கூடாது, சிரிக்கக்கூட வேண்டாம் என்கிறார்கள். பட்டர்வொர்த்தைப் பக்கத்தில் போட்டுவிட்டுச் சிரிக்காதே என்றால் எப்படி? இலையுதிர் காலம் முடிவதற்குள் விரியாவிட்டால் எலும்பை வெட்டுவது என்று முடிவாகிவிட்டது. பயமாக இருக்கிறது. இதை எட்னாவுக்கு எழுதவில்லை, உங்களுக்கு எழுதுகிறேன்.

எழுத முடியாமல் போனாலும் போகலாம் என்பதால் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். உங்களுக்கு நன்றி. இங்கே காலையில் கண் விழித்ததும் எல்லாரும் வெப்பமானியைப் பார்ப்பார்கள். நான் பத்திரிகையைத் தேடினேன். இன்றைக்கு அந்தச் சொல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்கிற அவசரம் எனக்கு இருந்தது. அந்த அவசரம் இல்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்று இந்த வராந்தாவில் பார்த்திருக்கிறேன். நீங்கள் பரிதாபத்துக்காக வேலை கொடுக்கவில்லை. சீட்டு சரியில்லை என்றால் திருப்பி அனுப்பினீர்கள். அதற்கும் சேர்த்துத்தான் நன்றி.

கி. சைக்ஸ்


லிச்ஃபீல்ட்,
19 அக்டோபர் 1936

அன்புள்ள திரு. சைக்ஸ்,

உங்கள் செப்டம்பர் கடிதத்துக்குப் பிறகு இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். பதில் எழுத வேண்டாம், எழுதக்கூடாது என்பது தெரியும். சேதி இல்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

டாக்டர் டிரான்டர் 'எக்ஸ்பேண்ட்' தாளை அச்சுக்குக் கேட்கிறார். இன்னும் ஒரு பொருளுக்குச் சான்று வரவில்லை, பொறுங்கள் என்றேன். "தண்டவாளம் போதுமே மிஸ் குவெய்ல், இன்னும் யாருக்காகக் காத்துட்டு இருக்கீங்க?" என்றார். தண்டவாளம் வெயிலால் விரிகிறது, எனக்குத் தானாக விரிவது வேண்டும் என்று ஏதோ வாதாடினேன். அவர் நம்பவில்லை. கிறிஸ்துமஸ் வரை தவணை கொடுத்திருக்கிறார்.

பொறுத்திருக்கிறேன்.

ஹெஸ்டர் குவெய்ல்


லிச்ஃபீல்ட்,
27 நவம்பர் 1936

அன்புள்ள சைக்ஸ்,

இதை உங்கள் வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை காலை உங்கள் சானடோரியத்துப் பத்திரிகை வந்தது. வழக்கம்போல உறையோடு பையில் போட்டேன், சாயங்காலம் வாட்டுவதற்கு. மேசையில் உட்கார்ந்தேன். ஒரு சீட்டு எடுத்தேன், வைத்தேன். சாயங்காலம் வரை என்னால் முடியவில்லை. அங்கேயே, எல்லார் எதிரிலும், வெறுங்கையால் கிழித்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். இரண்டாவது பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டேன். நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி. முதல் பத்தியில் மூன்றாவதாக இருந்தது:

'மாதக்கணக்கில் ஒத்துழையாமை செய்த சைக்ஸின் இடது நுரையீரல் யாருடைய உதவியும் இல்லாமல் முழுவதும் விரிந்துவிட்டது. சனிக்கிழமை வீடு செல்கிறார். வராந்தாவில் இனி அமைதி நிலவும்.'

எங்கள் அலுவலகத்தில் யாரும் அழுவதில்லை. டாக்டர் டிரான்டர் எழுந்து வந்து, "வாட்டாமலா பிரிச்சீங்க?" என்றார். ஆமாம் என்றேன். பத்திரிகையை என் கையிலிருந்து வாங்கினார். அவரும் வெறுங்கையால்தான் வாங்கினார். படித்துவிட்டு, "தானாக விரிகிறது, உரைநடை, அச்சு, தேதி. எழுதியவர் பேரு?" என்றார். பட்டர்வொர்த் என்றேன். "சீட்டு எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விதி விதிதான் என்பதால் பட்டர்வொர்த்துக்குத் தந்தி அடித்து, அகராதிக்காக இந்தச் சொல்லைப் போட்டாரா என்று கேட்டேன். 'அகராதியை யார் நினைத்தார்கள்? நுரையீரல் விரிந்ததை விரிந்தது என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது?' என்று பதில் வந்தது. இதைவிடச் சுத்தமான சான்று என் பதினேழு வருட வேலையில் பார்த்ததில்லை.

அச்சுப் பிரதியின் நகல் உள்ளே இருக்கிறது. கவிஞர்களுக்குக் கீழே, தண்டவாளத்துக்கு அடுத்து. உங்கள் பெயர் வரும் வாக்கியத்தில்தான் அந்தச் சொல்லின் கடைசிப் பொருள் நிற்கிறது.

அந்தத் தாளை முடிக்க விட்டதற்கு நன்றி. முடியும்போது நீங்கள் இருப்பதற்கு அதைவிட அதிக நன்றி.

ஹெஸ்டர்


ஹடர்ஸ்ஃபீல்ட்,
6 டிசம்பர் 1936

அன்புள்ள ஹெஸ்டர் அம்மணிக்கு,

நுரையீரல் என்னுடையது, காய்ச்சல் என்னுடையது, அகராதியில் எழுதியவர் பெயர் பட்டர்வொர்த்துடையது! உழுதவன் ஒருத்தன், அறுத்தவன் ஒருத்தன். அவருக்கு நகலை அனுப்பினேன். பதிலுக்கு, "மொத மொதல்ல என் எழுத்தை மதிச்ச ஆளு, அந்த அம்மாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நீங்கள் வாட்டாமல் பிரித்தீர்கள் என்பதை எட்னாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, ஈஸ்டருக்கு உங்களைக் கூப்பிடச் சொன்னாள். எங்கள் வீட்டுக் கோப்பையில் நீங்கள் தேநீர் குடிக்க வேண்டும் என்கிறாள். கூப்பிடுகிறேன், வாருங்கள்.

டோரீன் முதல் நாள் கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டாவது நாளும் கிட்டே வரவில்லை. நான் யார் என்பது அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. இதுவும் அமுக்கி விரிக்கிற சங்கதி இல்லை என்று சும்மா இருந்தேன். நேற்று அவளுக்கு ஆறு வயது முடிந்தது. அலமாரியிலிருந்து அந்தத் தட்டைப் பந்தை எடுத்து வந்து என் மடியில் வைத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்றாள்.

பலமாக ஊதக்கூடாது என்று டாக்டர் கட்டளை. மூன்றே மூன்று மூச்சு ஊதினேன், மெதுவாக. பிறகு ரப்பர்க் குழாயை அவளிடம் நீட்டினேன். கிட்டே வந்துதானே ஆக வேண்டும்? என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மீதியை அவள் ஊதினாள், கன்னம் இரண்டும் சிவக்கச் சிவக்க. நான் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டிருந்தேன். சுருக்கம் ஒவ்வொன்றாகப் பிரிந்தது. அவள் வாயை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, விரியுதுப்பா."

பேச்சுதான். உங்கள் தாளில் ஏறாது என்று எனக்குத் தெரியும். இழுப்பறையில் இடம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

என்றும் நன்றியுள்ள,
கிளிஃபர்ட் சைக்ஸ்